ஒரு நாளைக்கு ஆறு சவரம்

நாற்பது கேள்விகள் கொண்ட அந்தப் படிவத்தை நிரப்ப மற்ற நோயாளிகளுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். ஆவனாருக்கு ஒன்றரை நிமிடம் போதும். மாடிப்படி ஏறுவது முதல் வாயைக் கொப்பளிப்பது வரை எல்லாவற்றிலும் பின்தங்கிவிட்ட இந்த நாட்களில், இதில் மட்டும் அவர்தான் முதல் ஆள். எழுந்து போய்ப் படிவத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, இன்னும் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு வருவார்.

படிவத்தின் தலையில் ‘வாழ்க்கைத் தரம்’ என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பதினான்காவது கேள்வி: ‘கடந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு வாந்தி வந்ததா?’ எதிரே நான்கு கட்டங்கள். இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, மிக அதிகம். ஆவனார் முதல் கட்டத்தில் டிக் போட்டார். போடும்போது வாயில் புளிப்பு இன்னும் போகவில்லை. தரைத்தளத்துக் கழிப்பறையில், இடமிருந்து மூன்றாவது அறையில், குடல் வரை காலிசெய்துவிட்டு, முகம் கழுவி, சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தக் கட்டடத்துக் கழிப்பறைகளை அவர் தரவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். தரைத்தளத்து மூன்றாவதில் கதவு தரைவரை இறங்கும், சத்தம் வெளியே போகாது. முதல் மாடியில் தாழ்ப்பாள் நிற்காது. இரண்டாம் மாடியில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு. அசையாமல் குனிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும். குனிந்திருப்பவர் இருட்டில் ஒரு கையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே மிச்சத்தை எடுக்க வேண்டும். ஆவனார் ஒரு தடவை அப்படி ஆட்டியிருக்கிறார். ரயிலுக்கு வழியனுப்புகிறவர் மாதிரி.

ஆவனார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. குடிநீர் வாரியத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவர் அவர். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது, நாறாவிட்டால் நிற்கமாட்டேன் என்கிறது என்று ஊரே எழுதிப்போட்ட கடிதங்களுக்கெல்லாம், ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, ஆவன செய்யப்படும்’ என்று ஒரே பதிலை எழுதியவர். அலுவலகத்துத் தட்டச்சர் ஒருத்தி, பழங்காலப் புலவர் பெயர்போல ஒலிக்கிறதே என்று ‘ஆவனார்’ என்று கூப்பிடப்போக, அது ஒட்டிக்கொண்டது. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அவர் மனைவியை வீதியில் எல்லாரும் டீச்சர் என்பார்கள். டீச்சரும் கோபம் வந்தால் கணவரை ஆவனார் என்றுதான் கூப்பிடுவார். அதனால் அந்தப் பெயர் வீட்டிலும் அடிக்கடி புழங்கியது.

நுரையீரலின் ஓரத்தில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தாயிற்று. எங்காவது மிச்சம் மீதி ஒளிந்திருந்தால் அதையும் ஒழித்துக்கட்ட, மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு சுற்று மருந்து. ‘ஆறும் முடிஞ்சா நல்ல வாய்ப்பு இருக்கு. நடுவுல விட்டா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல’ என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே ஆறையும் முடிப்பது ஒன்றுதான் ஆவனாருக்கு இப்போது உலகத்தில் வேலை. அந்த வேலைக்குக் குறுக்கே நிற்பது வாந்தி. அதை அவர் மறைத்ததும் இந்த ஆறுக்காகத்தான்.

ஏன் மறைக்க வேண்டும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். முப்பத்தோரு வருடம் குறைதீர்ப்பில் குப்பை கொட்டியவருக்குத் தோன்றாது. அவருடைய பிரிவில் மஞ்சள் கோப்பு என்று ஒன்று இருந்தது. மூன்று தடவைக்கு மேல் எழுதுகிறவர்களின் பெயர் அதில் ஏறும். ஏறியவர் வீட்டுக் குழாயைப் பார்க்க ஆள் கடைசியில்தான் போவான். பல சமயம் அந்தக் கடைசி வரவே வராது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததே ஆவனார்தான். அதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் வாங்கி, கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியும் இருந்தார். ஒரு குழாய்க்கே இப்படியென்றால், உயிர் விஷயத்தில் எத்தனை மஞ்சள் கோப்பு இருக்கும்? வாந்தி என்று ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் போதும், ‘இவர் உடம்பு தாங்காது’ என்று பெயரை அடியில் தள்ளிவிடுவார்கள். நாற்காலியும் மருந்தும் நல்ல பிள்ளைகளுக்குப் போய்விடும். அவர் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்.

அதனால்தான் பக்கத்து நாற்காலி லாரி டிரைவரைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபமாக இருந்தது. மருந்து ஏறும் கூடத்தில் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்து தெரியாத உடம்பு, கூடத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கிற குரல்.

“ஏம்மா, போன தடவ நாலு நாள் கொடலே கழண்டு வந்திருச்சு. நீ குடுத்த மாத்திர அதுக்கு முன்னாடியே வெளிய வந்து விழுந்துச்சு. வேற ஏதாச்சும் இருந்தா பாரு.”

“எந்த நாள், எத்தன தடவன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றாள் நர்ஸ். படிவங்களைக் கொடுப்பதும் வாங்குவதும் படிப்பதும் அவள் வேலை. முப்பது வயது, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பேனா.

“தடவ மட்டும் போதுமா, கலரும் சொல்லவா?”

“சொல்லுங்க.”

டிரைவர் சொன்னான். ஆவனார் கண்ணை மூடிக்கொண்டார். இவன் பெயர் மஞ்சளில் ஏறியாயிற்று, பாவம், பெண்டாட்டி பிள்ளை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

நர்ஸ் நகர்ந்ததும் டிரைவர் இந்தப் பக்கம் திரும்பினான். “அண்ணே, உங்களுக்கு ஒண்ணுமே வர்றதில்லையா?”

“எனக்கு அந்தப் பழக்கம் இல்ல.”

“பழக்கமா? இது என்ன சீட்டாட்டமாண்ணே, வேணாம்னு விடுறதுக்கு?”

ஆவனார் உதட்டை இறுக்கிக்கொண்டார். அந்த நேரம் அவர் வாயைத் திறந்திருந்தால் பதில் மட்டும் வந்திருக்காது.

வீட்டில் ஏற்பாடு வேறு மாதிரி. குமட்டல் கிளம்பியதும் ஆவனார் நிதானமாக எழுந்து குளியலறைக்குப் போவார். குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். தண்ணீரை வீணாக்காதீர் என்று ஊருக்கெல்லாம் துண்டுப் பிரசுரம் அச்சடித்தவர் அவர். முடித்துவிட்டுத் தாடையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு வெளியே வருவார்.

“சவரம்” என்பார்.

முதல் வாரம் இது எடுபட்டது. மூன்றாவது வாரத்தில் தலைமுடி, மீசை, புருவம் எல்லாம் தலையணையோடு தங்கிவிட்டன. தாடையில் ஒரு பூனைமயிர்கூட இல்லை. ஆனால் சவரம் நின்றபாடில்லை. சொல்லப்போனால் கூடியது.

“இன்னிக்கு இது ஆறாவது சவரம்” என்றார் டீச்சர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மனுஷன்னா பளிச்சுன்னு இருக்க வேணாமா?”

“இருக்கணும். புருவத்தையும் சேத்து வழிச்சிட்டீங்க போல.”

“அது மருந்து.”

“ஓ. அது மட்டும் மருந்தா?”

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். டீச்சர் செய்தித்தாளின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். குறுக்கெழுத்துப் போட்டி என்று ஆவனார் நினைத்தார்.

எடை விஷயமும் இருந்தது. வாந்தியை ஒளிக்கலாம், எடையை எங்கே ஒளிப்பது? இரண்டாம் சுற்றில் ஒன்றரை கிலோ குறைந்தபோது, சாவிக்கொத்தையும் ஓய்வுபெறும்போது கொடுத்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டையும் கால்சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டு ஏறி நின்றார். மூன்றாம் சுற்றுக்கு அது போதவில்லை. முழங்கால் வலிக்குப் பயிற்சி செய்வதற்கென்று டீச்சர் வாங்கி, ஒரே ஒரு நாள் கட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் எறிந்திருந்த மணல் பட்டைகள் இரண்டு கிடைத்தன. அவற்றைக் கணுக்காலில் இறுக்கிக்கொண்டு, வாத்து மாதிரி நடந்து போய்த் தராசில் ஏறினார். முள் பழைய எண்ணிலேயே நின்றது. “வெரிகுட் சார்” என்றாள் நர்ஸ். அந்த வெரிகுட்டில் அன்று மாலைவரை அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இறங்கி வரும்போது படிக்கட்டில் கால் தூக்க வராமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது தனிக் கதை.

மூன்றாம் சுற்று முடிந்து இரண்டு வாரம் கழித்து நர்ஸ் அவருடைய பழைய படிவங்களை எல்லாம் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சார், தூக்கம் நல்லா வருதான்னு கேட்டதுக்கும் இல்லவே இல்லைன்னு டிக் போட்டிருக்கீங்க. எல்லா வாரமும்.”

ஒரே நேர்கோட்டில் நாற்பது டிக் போட்டதில் அந்தக் கேள்வியும் மாட்டிக்கொண்டது ஆவனாருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் அதிர்ந்து போனார். தூக்கத்துக்காக அல்ல. படிவத்தை யாரோ படிக்கிறார்கள். முப்பத்தோரு வருட அனுபவத்தில் அப்படியொரு முறைகேட்டை அவர் கேள்விப்பட்டதில்லை.

“அது கை தவறிப் போட்டது. தூக்கம் நல்லா வருது.”

“சரி. வாந்தி?”

“இல்லவே இல்ல.”

“அப்ப ஒண்ணு செய்யலாம். வாந்திக்குன்னு குடுக்கிற கூடுதல் மாத்திரைய நிறுத்திடலாமான்னு டாக்டர் கேட்டார். வாந்தியே இல்லாதவங்களுக்கு அது எதுக்கு? மலச்சிக்கல்தான் மிச்சம்.”

அந்த மாத்திரை ஒன்றுதான் ஆறு சவரத்தை ஆறோடு நிறுத்தி வைத்திருந்தது. ஆவனாருக்கு அது தெரியும். ஆனால் மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு கோப்பை முடித்துவைக்கும் நேரத்தில் குறுக்கே பேசுவது அவர் மரபிலேயே கிடையாது. “ரொம்ப நன்றி” என்றார். அந்த நன்றியைச் சொன்ன வாயை அடுத்த பத்து நாளும் அவர் திட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் சுற்று அவரை வைத்துச் செய்தது. தண்ணீர் குடித்தால் வந்தது. தண்ணீர் என்று நினைத்தால் வந்தது. டீச்சர் ரொட்டி வாட்டுகிற வாசனைக்கு வந்தது. வாசனை வராமல் ஜன்னலைத் திறந்தால், கீழே யாரோ மருத்துவமனைச் சோப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக் கார் கழுவுகிற வாசனைக்கு வந்தது. மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தாலே வயிறு எழுந்து நின்று பதில் சொன்னது. சவரக் கணக்கு பதினொன்றைத் தொட்டது. குழாயைத் திறக்கவும் தெம்பில்லாமல், குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்த ஒரு பிற்பகலில் ஆவனார் முடிவெடுத்தார். போதும். ஐந்தாவது வேண்டாம். ஆறாவது வேண்டவே வேண்டாம். ஓடு சில்லென்று நன்றாக இருந்தது. வாழ்க்கையில் மிச்சமிருக்கிற தரம் இவ்வளவுதான் என்றால், நாற்பது கேள்வி எதற்கு, ஓடு சில்லென்று இருக்கிறதா என்று ஒரே கேள்வி போதுமே என்று நினைத்துக்கொண்டார்.

முடிவை எழுத்தில் தெரிவிப்பதுதான் முறை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். ‘தவிர்க்க இயலாத காரணங்களால் மேற்படி சிகிச்சையைத் தொடர இயலாத நிலை ஏற்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்வதுடன், இதுநாள்வரை நல்கிய ஒத்துழைப்புக்கு…’ படித்துப் பார்த்தார். தன் சாவுக்குத் தானே அனுப்புகிற ஒப்புகைச் சீட்டு மாதிரி இருந்தது. நடை மட்டும் குறைசொல்ல முடியாதபடி அமைந்துவிட்டதில் ஒரு அல்ப திருப்தி.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கணுக்காலில் மணல் பட்டைகளோடு, அடுத்த வார ரத்தப் பரிசோதனைக்குப் போனார். டீச்சர் வழக்கம்போலக் கூடத்தின் மறுகோடியில் துணைக்கு வந்தவர்களுக்கான மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அங்கே அவர்களுக்கும் ஏதோ பச்சைத்தாள் கொடுப்பார்கள். வண்டி நிறுத்துமிடம் பற்றியதாக இருக்கும் என்று ஆவனார் எண்ணியிருந்தார்.

நர்ஸ் அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ரத்தத்துல உப்பு குறைஞ்சிருக்கு சார். சரியா சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடுறேன்.” அது பொய்யல்ல. சாப்பிடத்தான் செய்தார்.

“எடையும் அப்படியே இருக்கு. அதான் குழப்பமா இருக்கு.” காதிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி காதிலேயே வைத்தாள். “சரி, அத விடுங்க. உங்க வீட்டம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

“அவளுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கா.”

“வகுப்பு உதவியா இருக்குன்னு சொன்னாங்களா?”

“என்ன வகுப்பு?”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். “உங்ககிட்ட சொல்லலையா? நாங்களாத்தான் அனுப்பி வெச்சோம். வியாழக்கிழம நாலு மணிக்கு. கூட இருந்து பாத்துக்கிறவங்களுக்குக் கவலை அதிகமாயிட்டா, மூச்சுப் பயிற்சி, பேச்சு அப்படின்னு ஒரு மணி நேரம்.”

வியாழக்கிழமை நாலு மணிக்கு நூலகத்துக்குப் போவதாகத்தான் டீச்சர் சொல்லியிருந்தார். ஏழு வாரமாக ஒரு புத்தகம்கூட வீட்டுக்கு வராததை ஆவனார் கவனித்திருக்கவில்லை.

“அவளுக்கு எதுக்குக் கவலை?”

நர்ஸ் ஒரு பச்சைத்தாள் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். டீச்சரின் கையெழுத்து. விடைத்தாளில் மதிப்பெண் போடுகிற, சாயாத, நேர்க்குத்தான எழுத்து. திங்கள் 4. செவ்வாய் 6. புதன் 7. வியாழன் 5, அடைப்புக்குறிக்குள் ‘கதவுக்கு வெளியே கேட்டவை மட்டும்’. நேரம் தனி வரிசையில். தண்ணீர் ஓடிய நிமிடம் தனி வரிசையில். வாரக் கூட்டுத்தொகை, சராசரி. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வரைபடம் வேறு, ஏறிக்கொண்டே போயிற்று.

“வாரா வாரம் இப்படி எழுதினாங்க. நீங்க இல்லவே இல்லைன்னு எழுதுறீங்க. ரெண்டுல ஒண்ணுதானே சரியா இருக்க முடியும்? நோயாளி தன் உடம்பப் பத்தி என்ன சொல்றாரோ அதுக்குத்தான் இங்க மதிப்பு. எடையும் குறையல. அதனால எங்க மனநல ஆலோசகர் பாத்துட்டு, இந்த அளவுக்கு நிமிஷக் கணக்கா எழுதுறதே பதற்றத்தோட அடையாளம்னு சொன்னார்.”

ஆவனார் முதல் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் அச்சிட்ட கேள்வி: ‘உங்கள் கவலையைப் பற்றி எழுதுங்கள்.’ அதற்குக் கீழே டீச்சர் எழுதியிருந்தது ஒரே வரி. ‘நான் கவலைப்படவில்லை. எண்ணுகிறேன்.’

அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் யாரோ ஒரு குறிப்பு போட்டிருந்தார்கள். ‘ஏற்க மறுக்கிறார்.’

ஆவனாருக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரியாது. ஆனால் அந்த நடையை அவர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வாரியத்தில் இருந்த காலத்தில் மேட்டுத்தெருவிலிருந்து ஒரு பெண்மணி பதினான்கு கடிதம் எழுதியிருந்தார், தன் வீட்டுக் குழாயில் காலை ஐந்தே கால் முதல் ஐந்து இருபத்தைந்து வரை மட்டும் தண்ணீர் வருகிறது என்று, நாள் வாரியாக. ஆவனார் அந்தக் கோப்பின் ஓரத்தில் எழுதினார்: ‘மனுதாரர் பதற்றமான சுபாவம் உடையவராகத் தெரிகிறது.’ எழுதிவிட்டு, நல்ல வாக்கியம் என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டியும் இருக்கிறார். இப்போது அதே மஞ்சளில் தன் பெண்டாட்டியை ஏற்றி உட்கார வைத்தாயிற்று. ஏழு வாரமாக அந்த மனுஷி, இருக்கிற வாந்தியை இல்லையென்று நினைத்துப் பழகுவதற்கு வாரம் ஒரு மணி நேரம் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறார்.

“படிவம் ஒண்ணு குடும்மா” என்றார்.

கொடுத்தாள். பதினான்காவது கேள்வியில் பேனாவை வைத்தார். பேனா நான்காவது கட்டத்துக்குப் போகவில்லை; முதல் கட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தது, கட்டுத்தறியைச் சுற்றுகிற மாடு மாதிரி. சரி, எழுதிவிடலாம் என்று ஓரத்தில் எழுதினார். ‘வாந்தி ஏற்பட்டுவருவதாகத் தெரியவருகிறது.’

நர்ஸ் தலையைச் சாய்த்துப் படித்தாள். “யாருக்கு சார்?”

“மேற்படியாருக்கு.”

“மேற்படியார்னா?”

ஆவனார் பேனாவைக் கீழே வைத்தார். “எனக்குத்தாம்மா. மொதல் நாள்லேருந்தே. அவ எழுதியிருக்கிறது அத்தனையும் சரி. சரின்னுகூடச் சொல்ல முடியாது, பாதி அவளுக்குக் கேட்டிருக்காது.”

“எடை?”

அவர் குனிந்து கால்சட்டையைத் தூக்கினார். ஒரு பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். அடுத்ததை வைத்தார். சாவிக்கொத்தை வைத்தார். பேப்பர்வெயிட்டை வைத்தார். அது உருண்டு போய்ப் பச்சைத்தாள் கட்டின் மேல் நின்றது. நர்ஸ் எழுந்து தராசைக் கை காட்டினாள். முள் ஐந்தரை கிலோ கீழே வந்து நின்றது.

“உங்க எடையப் பாத்துத்தான் மருந்து அளவே போடுறோம், தெரியுமா?” அவள் குரல் உயரவில்லை. அதுதான் ஆவனாருக்குச் சங்கடமாக இருந்தது. “பேப்பர்வெயிட்டுக்கும் சேத்து மருந்து ஏத்தியிருக்கோம்.”

“அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கண்ணாடி.”

சொன்ன பிறகுதான் தமாஷுக்கு இது இடமில்லை என்று அவருக்கு உறைத்தது. ஆனாலும் நர்ஸின் உதட்டோரம் ஒரு கணம் துடித்ததைப் பார்த்தார். பிறகு அவர் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார்.

“இப்ப இத எழுதிட்டேனே, என் பேரக் கடைசிக்குத் தள்ளிடுவீங்களா?”

“எதுக்குக் கடைசிக்கு?”

“தொந்தரவு பண்றவங்க பேர.”

நர்ஸ் அவரைப் புரியாமல் பார்த்தாள். “தொந்தரவு இருக்கிறவங்கள முதல்ல பாக்கத்தானே சார் இந்தப் படிவமே. லாரிக்காரர் தடவையும் கலரும் சொன்னதாலதான் அவருக்குப் புது மாத்திரை எழுதினோம். போன வாரம் வந்து, ரெண்டு பன்னு தின்னேன்னு கூடத்துக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போனாரே, நீங்க இல்லையா?”

இருந்தார். இரண்டாம் மாடியில், கையை ஆட்டிக்கொண்டு.

டாக்டர் வந்து நாலு வார்த்தை சொன்னார். நாலும் இனிப்பானவையல்ல. ஐந்தாம் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போயிற்று, அன்றைக்கு உப்புநீர் ஏற்றினார்கள், அளவைத் திருத்தினார்கள், பழைய மாத்திரையோடு புதிதாக இன்னொன்றும் எழுதினார்கள். சட்டைப் பையிலிருந்த கடிதத்தை ஆவனார் வெளியில் எடுக்கவில்லை. உப்புநீர் சொட்டுகிற இரண்டு மணி நேரத்தில் அதை எட்டாக மடித்து, பதினாறாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் பேருந்தில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் மணல் பட்டைகள் இருந்த பை.

“இத எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?” என்றார்.

“உனக்கு எல்லாம் தெரியும்தானே. ஏன் நேரடியா கேக்கல?”

“கேட்டேன். சவரம்னீங்க.”

ஆவனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் தாண்டிப் போயிற்று.

“தப்புதான்” என்றார், கண்ணாடியைப் பார்த்து. அது ஜன்னலிடம் சொன்ன மாதிரி இருந்ததால் இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னார். “உன்னைக் கிறுக்கின்னு எழுதி வெச்சிருக்கானுங்க. என்னாலதான்.”

“கிறுக்கின்னு எழுதல. பதற்றம்னு எழுதினாங்க.”

“அதையும் சரி பண்ணிட்டேன். அந்த வகுப்புலேருந்து உன் பேர எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். இனிமே நீ போக வேண்டியதில்ல.”

டீச்சர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார். “யாரைக் கேட்டு?”

“உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே.”

“இல்லதான். ஆனா அங்க ஒரு மணி நேரம் பாயில படுக்க விடுறாங்க, ஆவனார். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கும். யாரும் வாந்தி எடுக்க மாட்டாங்க. யாரும் சவரம் பண்ண மாட்டாங்க. நான் எதையும் எண்ண வேண்டியதில்ல. அந்த ஒரு மணி நேரம்தான் வாரத்துல எனக்குன்னு இருந்துச்சு. அத எடுத்துட்டு வந்து, நல்லது பண்ணிட்டேங்கிறீங்க.”

முப்பத்தோரு வருடத்தில் ஒரு குறையை ஆவனார் உண்மையிலேயே தீர்த்துவைத்தது இது ஒன்றுதான். அதிலும் ஆளை மாற்றித் தீர்த்திருந்தார்.

மறுநாள் அவரே தனியாகப் போனார். நர்ஸ் ஒரு பச்சைத்தாளை நீட்டினாள்: பெயர் மறுபடி சேர்க்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். ‘பயிற்சி தேவைப்படுவதற்கான காரணம்’ என்ற இடத்தில் ஆறு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். ஆவனாருக்கு ஆறு வரி என்பது வெறும் முன்னுரைக்கே காணாது. அவர் ஒரே சொல் எழுதினார்: ‘கணவர்.’ நர்ஸ் படித்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

ஐந்தாம் சுற்று வந்தது. புது மாத்திரை மாயமந்திரம் ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் முதல் நாள் இரண்டு, மறுநாள் மூன்று என்று நின்றது. எண்ணிக்கையில் மட்டும் வீட்டில் தகராறு.

“நாலு” என்பார் டீச்சர்.

“மூணுதான். ஒண்ணு வெறும் ஓங்கரிப்பு.”

“வெளிய எதுவும் வரலையா?”

“எச்சில்தான்.”

“அப்ப அரை போட்டுக்கிறேன்.”

வியாழக்கிழமை நாலு மணிக்குக் கால் மணி நேரம் முன்னால் டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். மேசைமேல் ஒரு கிண்ணம் தக்காளி சூப், ஒரு துண்டு வாட்டிய ரொட்டி, நோட்டு, பேனா.

“நான் இல்லாதப்ப வந்தா நீங்களே எழுதி வைங்க. நேரம் போடணும்.”

“சரி.”

“சூப்பை ஆற வெச்சுக் குடிங்க.”

“சரி, நீ போய்ப் படு.”

கதவு சாத்திக்கொண்டது. ஆவனார் சூப்பை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தார். ருசி தெரியவில்லை, சூடு தெரிந்தது. பாதிக் கிண்ணத்தில் நிறுத்தி, காத்திருந்து, மீதியையும் குடித்தார். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து ஜன்னல்வரை நடந்து திரும்பும்போது நெஞ்சுக்குக் கீழே அந்தப் பழகிய அசைவு கிளம்பியது. குளியலறைக்குப் போனார். கை பழக்கத்தில் குழாய்க்குப் போயிற்று. வீட்டில் யாரும் இல்லை. திறக்காமல் விட்டார். சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவருக்கே இதுவரை தெரியாது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நோட்டின் முன்னால் உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை, கேட்கவில்லை. எழுதாமல் விட்டால் வியாழக்கிழமை சுத்தமாக இருக்கும். வரைபடத்தில் கோடு அழகாகக் கீழே இறங்கும். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

‘மாலை 4.35. ஒன்று. தக்காளி சூப், முழுவதும்’ என்று எழுதினார்.

எழுந்து குளியலறைக்குப் போய், வந்து கிடந்ததை மறுபடி பார்த்துவிட்டு வந்தார். வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். லேசான கதகதப்பு இருந்தது. உட்கார்ந்து, ‘முழுவதும்’ என்பதை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, மேலே ‘முக்கால்வாசி’ என்று திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.